மூன்றாவது வளைவில் நிற்பவர்

அத்தியாயம் 14

போன வாரம் வீடியோக்காரரைப் பந்தயத் தடத்தின் வாசலில் தலைகுனிந்த நிலையில் நிறுத்திவிட்டு வந்தோம்.

கல்யாணங்களுக்குத் தூக்கிக்கொண்டு போகிற பெரிய கேமராவை, காரில், ஓட்டுகிற மனைவிக்குப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து, பெல்ட் மாட்டி, அதுவும் போதாதென்று நைலான் கயிற்றால் சுற்றிச் சுற்றிக் கட்டிக் கொண்டுபோயிருந்தார் மனிதர். கொடி காட்டுகிறவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், கல்யாணப் பொண்ணை ஊர்வலம் கூட்டிட்டுப் போறீங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"வேகத்துல பிரேக் போட்டா இது கயித்தை அறுத்துக்கிட்டு வந்து அக்கா மண்டையைப் பதம் பாத்துடும். இறக்கிடுங்க."

இறக்கினார். வீடு வந்து சேரும் வரை கேமராவை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

இன்று அடுத்த சனிக்கிழமை. இன்று மாலையோடு தடத்தை மூடிவிடுகிறார்கள். தார் புதிதாகப் போட்டுத் திறக்க மூன்று மாதம் ஆகுமாம். எடுத்தால் இன்று எடுக்க வேண்டும்.

அப்படி என்ன அவசரம் என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் பழைய கதை சொல்லியாக வேண்டும்.

வீடியோக்காரரின் மகன் தூர தேசத்துக் கார் தொழிற்சாலை ஒன்றில் இருக்கிறான். போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அம்மாவோடு பேசுவான். தங்கையோடு பேசுவான். அப்பாவோடு மட்டும் இல்லை.

காரணம் ஒரே ஒரு வாக்கியம். அவன் முதன்முதலாகப் பந்தயத்தில் ஓட்டிய நாளன்று, "நீங்க வந்து எடுங்கப்பா" என்று கேட்டான். அவருக்கு அன்று ஒரு கல்யாணம். அதைச் சொல்லியிருந்தால்கூடப் போயிருக்கும். அவர் சொன்னது வேறு.

"நீ ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு வண்டிக்குள்ள இருப்ப. மூஞ்சியே தெரியாத இடத்துல எனக்கென்னடா வேலை?"

சொன்னவருக்கு அது தொழில் பேச்சு. கேட்டவனுக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. வார்த்தை வளர்ந்து, வீடு இரண்டாகி, ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டான். வாசலில் நின்ற அப்பாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வாழ்நாள் முழுக்க யார் யாரையோ பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தைதான் வாயில் வந்தது.

"இங்க பாருடா."

கையில் கேமரா இல்லாமல் அந்த வார்த்தையை அவர் சொன்னது அன்றுதான். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

கார் மட்டும் கொட்டகையில் நின்றது. பேட்டரி செத்துவிடக்கூடாதே என்று அம்மா தினமும் சாவியைப் போட்டு இன்ஜினை உறுமவிட்டாள். பிறகு தெருமுனை வரை போய் வந்தாள். பிறகு ஒரு சனிக்கிழமை, சொந்த வண்டிக்காரர்களுக்குத் தடத்தைத் திறந்துவிடுகிற மாலை நேரத்தில், யாரிடமும் சொல்லாமல் அங்கேயே போய்விட்டாள். அவள் பல் செட் செய்கிறவள். பல் வைத்தியர்கள் அனுப்பும் அச்சுகளுக்கு மெழுகும் பிளாஸ்டருமாகப் பொய்ப்பல் கட்டித் தருவது வேலை. ஆகவே தடத்தில் அவளுக்குப் பெயர் பல்லக்கா. பல்லக்கா ஓட்டுகிற வண்டி பல்லக்கு. பேர் வைக்கிறவர்களுக்கு எங்கேயும் பஞ்சமில்லை.

இந்தச் சேதியை அண்ணனுக்குச் சொன்னது தங்கை. ஒரு டெலிபோன் கம்பெனியில் நாள் முழுக்க ஊரார் புகாரைக் கேட்பது அவள் வேலை; வீட்டில் இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் சேர்ப்பது சேவை. அதனால் அவளுக்குத் 'தந்தி' என்று பெயர். "அம்மா உன் வண்டியை ட்ராக்குல ஓட்டறா" என்று தந்தி எழுதிய பிறகு ஒரு நாள் முழுக்க அண்ணனிடமிருந்து சத்தமே இல்லை. அப்புறம் ஒரு வரி வந்தது.

'அம்மா ஓட்டறதை எடுத்து அனுப்பு.'

அந்த ஒரு வரியை வீடியோக்காரர் எத்தனை தடவை வாங்கிப் படித்தார் என்று கணக்கில்லை.

"எனக்குத்தாம்ப்பா எழுதியிருக்கான்."

"எழுதினது உனக்கு. எடுத்துன்னு போட்டிருக்கானே, இந்த வீட்டுல எடுக்கற ஆள் யாரு?"

தந்தி தலையாட்டிவிட்டாள். அப்பாவின் குரல் அப்படி இருந்தது.

*

காலையில் கேமரா கடையின் ஷட்டரைத் தூக்கும்போதே அவர் வாசலில் நின்றார். இன்றும் ஒரு கல்யாணம் இருந்தது. அதை வேறொரு ஸ்டுடியோவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். காய்ச்சலில் கிடந்தபோதுகூட அவர் செய்யாத காரியம் அது.

கடைப் பெண் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது.

"இதுவா கேமரா?"

"காருக்குள்ள வைக்க இதுதான் சார்."

"இதுல கண்ணை எங்க வெச்சுப் பாக்கறது?"

"பாக்கவே வேண்டாம் சார். மாட்டிட்டு, ஆன் பண்ணி விட்டுட்டா அதுபாட்டுக்கு எடுத்துக்கும்."

கேமரா சுமந்து சுமந்து ஒரு பக்கத் தோள் இறங்கிப்போன மனிதர் அவர். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக இருந்தது. பின்னால் நின்று பார்க்க ஆளே வேண்டாத கேமராவைக் கண்டு அவருக்குக் கொஞ்சம் பயம்கூட வந்தது.

"இதுல ரெண்டு வகை இருக்கு," என்றாள் அந்தப் பெண். "இது படம் ரொம்பத் துல்லியம். ஆனா வெயில்ல நின்ன வண்டிக்குள்ள சூடேறி நடுவுல நின்னுடும். இது போன வருஷத்து மாடல். படம் ஒரு மாத்து கம்மி. ஆனா நிக்காது. வண்டி குலுங்கினாலும் படம் குலுங்காது."

"நிக்காததைக் குடும்மா. கல்யாணத்துல பேட்டரி போச்சுன்னா மோதிரத்தைக் கழட்டித் திரும்பப் போடச் சொல்லலாம். எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். இது அப்படி இல்ல. இன்னிக்கு விட்டா விட்டதுதான்."

கண்ணாடியில் அப்பிக்கொள்ளும் ரப்பர் கிண்ணம் ஒன்றைக் காட்டினாள். பிறகு அவளே தலையை ஆட்டினாள். "வெயில்ல இது விட்டுடும் சார். வண்டியில கம்பி இருக்கா?"

"இருக்கு. கவுந்தாலும் கூரை நசுங்காம இருக்கணும்னு பையன் உள்ள கம்பிக் கூண்டு போட்டிருக்கான்."

"அப்ப கம்பியைக் கவ்வற கிளாம்ப் எடுத்துக்குங்க. கூடவே ஒரு சின்னக் கயிறு. கழண்டாலும் பறக்காது. கேமரா எந்தப் பக்கம் பாக்கணும் சார்? முன்னாடியா, இல்ல..."

"அதெல்லாம் எனக்குச் சொல்லித் தரணுமாம்மா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே கேமரா பிடிச்சவன் நான்."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொடுத்தாள். ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதை நமக்குத் தெரியும். அவர் விழுந்த இடம் இதுதான். நின்று ஒரு நிமிஷம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம்.

*

மத்தியானம் கொட்டகையில் ஒரே ரகளை. கிளாம்பை எவ்வளவு இறுக்கினாலும் கம்பியைப் பிடிக்கவில்லை. கம்பி ஒல்லி, கிளாம்பின் வாய் பெரிது. அட்டையை மடித்து வைத்தார். சைக்கிள் டியூபை வெட்டி வைத்தார். பழைய சட்டைத் துணியைச் சுற்றினார். கூரையில் ஒரு தட்டுத் தட்டினால் கேமரா எதற்கெடுத்தாலும் ஆமாம் போடுகிறவனைப்போலத் தலையாட்டியது.

பட்டறை அறையிலிருந்து மனைவி வந்தாள். விரலெல்லாம் வெள்ளைப் பிளாஸ்டர்.

"என்னங்க, ஆட்டம் குடுக்கற பல் செட்டு மாதிரி இருக்கு?"

"உன் பையன் போட்ட கம்பி ஒல்லி."

"என் பையன்னா? கோளாறுன்னா என் பையன், இல்லாட்டி உங்க பையனா? நகருங்க."

வாய்க்குள் வைத்து அச்செடுக்கிற மாவைப் பிசைந்து கம்பியைச் சுற்றி அப்பினாள். வாயைத் திற என்று கம்பியிடம் சொல்லாததுதான் பாக்கி. மாவு இறுகியதும் கழற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் ஒரு டீ குடித்து முடித்து, இன்னொன்று குடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது இரண்டு அரை வளையங்களோடு திரும்பினாள். ஈறு நிறத்தில் பளபளவென்று இருந்தன. கம்பிமேல் அவை இரண்டும் டக்கென்று பொருந்தின. அதன்மேல் கிளாம்பைப் பூட்டினாள். கூரையில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். கேமரா அசையவில்லை.

"சோளம் கடிச்சாலும் ஆடாது," என்றாள்.

அவர் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே வேலையில் கை வைத்திருந்தார்கள்.

அவர் தேர்ந்தெடுத்திருந்தது முன்பக்கக் கண்ணாடியின் ஓரமாக இறங்குகிற கம்பி. ஓட்டுகிறவருக்கு எதிர்ப்பக்கம். அவள் அதைக் கொஞ்சம் பார்த்தாள்.

"இங்கதான் வைக்கப் போறீங்களா?"

"இங்கதான் வெளிச்சம் சரியா விழுது. ஏன்?"

கேமராவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல. நீங்க சொன்னா சரி."

கல்யாணம் ஆன நாளிலிருந்து 'நீங்க சொன்னா சரி' என்று அவள் சொன்னதே கிடையாது. சுதாரிக்க வேண்டிய மனிதர், காற்றின் இரைச்சல் புகாமல் இருக்கத் தன் சின்ன மைக்கைப் பஞ்சில் பொதிந்துகொண்டிருந்தார்.

"ஏறி உக்காரு. பாத்துடலாம்."

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கேமரா பார்ப்பது அவருடைய போனில் தெரிந்தது. அவள் கண் இரண்டும், அதைச் சுற்றிக் கையளவு முகமும். பின்னால் திறந்த ஜன்னல். அவ்வளவுதான் தெரிந்தது.

"தலையைக் கொஞ்சம் தூக்கு. ஆங். இங்க பாரு."

பார்த்தாள்.

கண்ணோரத்தில் இத்தனை சுருக்கம் எப்போது வந்தது? ஊரில் இருக்கிற மணப்பெண்களின் கண்ணையெல்லாம் கிட்டத்தில் பார்த்தவருக்கு இது தெரியாமல் போயிருந்தது. ஏக்கம் என்று சொன்னால் வீட்டிலேயே இருக்கிறவளுக்காக ஏங்குவதா என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் அந்த நிமிஷம் ஏங்கத்தான் செய்தார். போனை அணைக்க மனமில்லாமல் நின்றார்.

"போதுமா?" என்றாள்.

"போதும்."

*

கொடி காட்டுகிறவர் கேமராவைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பிறகு ஈறு நிற வளையத்தைத் தடவினார்.

"என்ன அக்கா இது?"

"ஈறு."

"ஆடாதே?"

"உன் பல்லு ஆடும். இது ஆடாது."

அவர் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, போகலாம் என்று கை காட்டினார். ஜன்னல்கள் திறந்திருக்கின்றனவா, கதவில் தளர்வாக ஏதும் இருக்கிறதா என்பதுதான் அவர் கவலை. கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது அவர் கவலை இல்லை.

வண்டியை நகர்த்துமுன் அவள் கணவரைக் கூப்பிட்டாள்.

"நீங்க மூணாவது வளைவுகிட்ட போய் நில்லுங்க. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெஞ்சு இருக்கும்."

"அங்க எதுக்கு?"

"அவன் ஓட்டறப்ப நான் அங்கதான் உக்காந்திருப்பேன். ஒவ்வொரு சுத்துலயும் அந்த இடம் வர்றப்ப லைட்டை ஒரு தடவை போட்டுட்டுப் போவான். இப்ப நான் ஓட்டறேன், பெஞ்சு காலியா இருக்கு. என்னவோ போல இருக்குங்க."

அவர் போனார். அவருக்கு உட்காரத் தோன்றவில்லை. பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றார். நின்ற பிறகுதான் ஒரு சங்கடம் தெரிந்தது. கையை எங்கே வைத்துக்கொள்வது? எந்தக் கூட்டத்திலும் அவர் கையில் கேமரா இருக்கும், கேமராவுக்குப் பின்னால் அவர் இருப்பார். இப்போது கை இரண்டும் சும்மா தொங்கின. பின்னால் கட்டிக்கொண்டார். இடுப்பில் வைத்துக்கொண்டார்.

பல்லக்கு வந்தது. அவர் பயந்த வேகத்தைவிட அதிக வேகத்தில் வந்தது. வளைவுக்கு முன்னால் அடங்கி, திரும்பி, அவரைத் தாண்டும்போது விளக்கு ஒரு தடவை எரிந்து அணைந்தது. அவருக்கு முதலில் விளங்கவில்லை. போகிற வண்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டாவது சுற்றிலும் எரிந்தது. அப்போதுதான் உறைத்தது. இது எனக்கு.

எத்தனை சனிக்கிழமைகள் இந்த பெஞ்சுக்கு இந்த வெளிச்சம் வந்திருக்கும்! அதில் ஒன்றுகூட அவருக்கு வரவில்லை. அவர்தான் வரவிடவில்லை. உள்ளே இருப்பவன் முகம் தெரியாதுதான். ஆனால் நான் உன்னைப் பார்த்துவிட்டேன் என்று சொல்ல அவனுக்கு முகம் வேண்டியிருக்கவில்லை, ஒரு விளக்கு போதுமாக இருந்திருக்கிறது. அவர் இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் தூரத்தைப் பார்த்தார். கேமரா இல்லாவிட்டாலும் பழக்க தோஷம் போகவில்லை.

வேலை முடிந்து தந்தி ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தபோது பாதிச் சுற்றுகள் முடிந்திருந்தன.

"என்னப்பா, வெறுங்கையோட நிக்கறீங்க? ஆளே அடையாளம் தெரியல."

"கையை எங்க வெச்சுக்கறதுன்னே தெரியலம்மா."

"பாக்கெட்ல போட்டுக்குங்க. இதோ அம்மா வர்றா. கையைத் தூக்குங்க!"

பாக்கெட்டிலிருந்து கையை எடுத்துப் பாதி தூக்குவதற்குள் வண்டி தாண்டிவிட்டது. தூக்கிய கை அப்படியே நின்றது.

*

வீட்டுக்கு வந்ததும் தந்தி மடிக்கணினியைத் திறந்தாள். மூன்று பேரும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். படம் ஓட ஆரம்பித்தது. ஹெல்மெட்டுக்குள் அம்மாவின் கண்.

"சரி, இது ஆரம்பம். இது எப்ப முன்னாடி திரும்பும்?" என்றாள் தந்தி.

"எதுக்குத் திரும்பணும்?"

"ரோடு எங்கப்பா?"

வீடியோக்காரருக்குப் புரியவில்லை. "அம்மா ஓட்டறதை எடுக்கச் சொன்னான். அம்மா இருக்கா. ஓட்டறா. எடுத்திருக்கேன்."

"அப்பா! ஓட்டறதைன்னா, எங்க பிரேக் போடறா, வளைவுக்குள்ள எப்படி நுழையறா, ஸ்டியரிங்கை எப்ப ஒடிக்கறா, இதையெல்லாம்தாம்ப்பா அவன் பாக்கணும்னு கேட்டான். சீட்டுக்குப் பின்னாடி மாட்டி, முன்னாடி பாக்கற மாதிரி வைக்கணும். இதுல பொட்டு ரோடு இல்லையே!"

வீடியோக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

முகம் தெரியாது என்று அன்றைக்குப் போகாமல் இருந்தவர், இன்றைக்கு யாரும் முகம் கேட்காத இடத்திலிருந்து முகத்தை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். ஒரு வருஷத்தில் மகன் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் கோட்டை விட்டாயிற்று.

"அனுப்பாதே," என்றார். "மூணு மாசம் கழிச்சு ஒழுங்கா எடுத்துடறேன். இதைப் பாத்தா அவனுக்கு என்ன தோணும்? அப்பன் திருந்தவே இல்லன்னுதான் தோணும்."

"அனுப்பு," என்றாள் மனைவி.

"இது தப்பு. எனக்குத்தான் தெரியல. உனக்காவது தெரிஞ்சிருந்தா மத்தியானமே சொல்லியிருக்கலாம்."

"தெரியும்."

அவர் திரும்பினார்.

"மாட்டினப்பவே தெரியும். இது முன்னாடி பாக்கணும், என்னைப் பாக்கக்கூடாதுன்னு." அவள் விரல் நுனியில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைச் சுரண்டினாள். "கல்யாணம் கல்யாணமாப் போய் யார் யார் மூஞ்சியையோ எடுத்தீங்க. என்னை ஒரு நாள் நிறுத்தி எடுத்ததில்ல. நானும் கேட்டதில்ல. இன்னிக்கு இங்க பாருன்னு சொன்னீங்க. கேமராவைத் திருப்புங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல. அவ்வளவுதான்."

தந்தி அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். நாள் முழுக்கப் புகார் கேட்கிறவளுக்கு எந்தப் புகாருக்குப் பதில் சொல்லக்கூடாது என்பதும் தெரியும். வாயைத் திறக்காமல் அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

அதற்கப்புறம் யாருக்கும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. போன் மேஜை நடுவில் கிடந்தது. மூன்று பேரும் அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். அவன் பார்த்துவிட்டான் என்று காட்டியது. எழுதுகிறான் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதுகிறான் என்றது.

வந்தது.

"'ரோடு எங்க?'" தந்தி படித்தாள்.

வீடியோக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நான் சொன்னேன்ல" என்று சொல்ல வந்தவர் அதையும் சொல்லாமல், ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்தது.

"'மூணாவது கியர்ல ஒரு கீச்சுச் சத்தம் வருது. நான் பாக்கற வரைக்கும் வண்டியை எடுக்க வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லு.' அப்பா, உங்க பஞ்சு வேலை செஞ்சிருக்கு. இவ்வளவு காத்துலயும் அவனுக்குச் சத்தம் கேட்டிருக்கு பாருங்க."

அம்மா பஞ்சைப் பற்றியும் கியரைப் பற்றியும் கவலைப்படவில்லை. போனைப் பிடுங்கித் தானே படித்தாள்.

"நான் பாக்கற வரைக்கும்னா? வந்து பாக்கறதா? இல்ல, போன்லயே பாத்துக்கறதா?"

"அது போடலம்மா."

"கேளேன்."

"கேட்டா வாயை மூடிக்குவான். அவனைத் தெரியாதா? விடும்மா, அதுவா வரட்டும்."

வருவானா? தடம் திறக்க மூன்று மாதம் இருக்கிறது. வண்டி அதுவரை கொட்டகையில்தான் நிற்கும். அம்மா போனைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். அது கையிலிருக்கும்போதே மறுபடி அதிர்ந்தது. அப்படியே தந்தியிடம் நீட்டினாள்.

"'ஜன்னலுக்கு வெளியே பெஞ்சுகிட்ட நிக்கறது யாரு?'"

ஜன்னல் பக்கமிருந்து வீடியோக்காரர் வெடுக்கென்று திரும்பினார். "யாரு? எவனாவது குறுக்க வந்து நின்னுட்டானா? அதான் எனக்கு ஆகவே ஆகாது. எங்க போனாலும் ஃப்ரேமுக்குள்ள ஒருத்தன் வந்து நின்னுடறான்!"

தந்தி மடிக்கணினியில் படத்தைப் பின்னால் ஓட்டினாள். மூன்றாவது வளைவு வந்தது. அம்மாவின் கண்ணுக்குப் பின்னால், திறந்திருந்த ஜன்னலில், வேலியும் பெஞ்சும் ஒரு ஆளும் ஓடி மறைந்தார்கள். அவள் அடுத்த சுற்றுக்கு ஓட்டினாள். மறுபடி அதே ஆள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. அடுத்த சுற்றில் இடுப்பில் கை. ஒரு பக்கத் தோள் இறங்கியிருந்தது.

"அப்பா," என்றாள் மெதுவாக. "அது நீங்க."

அவர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

தான் எடுத்த படத்தில் தன்னை அவர் பார்த்ததே இல்லை. இந்த வீட்டு ஆல்பங்கள் எதிலும் அவர் கிடையாது. பிள்ளைகளின் பிறந்தநாள், பள்ளிக்கூட விழா, எல்லாவற்றிலும் கேமராவுக்குப் பின்னால் ஒரு குரலாகத்தான் இருப்பார். இதில் நிற்கிறார். ஒரு சுற்று விடாமல் நிற்கிறார். ஆனால் ஒரு சுற்றிலாவது கேமராவைப் பார்க்கிறாரா என்றால், இல்லை. போகிற வண்டியின் பின்னால் பார்க்கிறார், தரையைப் பார்க்கிறார், மகள் பக்கம் பார்க்கிறார். இன்னொரு சுற்றில் பாதி தூக்கிய கையோடு எங்கேயோ பார்க்கிறார்.

"என்ன பதில் போடட்டும்?" என்று கேட்டாள் தந்தி.

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவிதான் சொன்னாள்.

"அப்பான்னு போடு."

போட்டாள். அவன் பார்த்துவிட்டான் என்று காட்டியது. எழுதுகிறான் என்று காட்டவில்லை. மேஜையில் டீ ஆறிப்போனது. மனைவி விளக்கைப் போட எழுந்தாள், போடாமல் உட்கார்ந்தாள். வீடியோக்காரர் கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, அவை தன்னுடையவை இல்லை என்பது மாதிரி அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அதிர்ந்தது.

தந்தி எடுத்துப் பார்த்தாள். ஒரு தடவை தனக்குள் படித்துவிட்டு, உரக்கப் படித்தாள்.

"'அடுத்த தடவை இங்க பாக்கச் சொல்லு.'"



"இன்னொரு தடவை படிம்மா," என்றார் வீடியோக்காரர்.